ஜார்ஜிய நாட்டு மக்காச்சோள அப்பம் நம் அடுக்களையில்

அன்றன்றைக்கு வேண்டிய உணவைத் தந்தருளுமாறு நாள்தோறும் நாம் விண்ணகத் தந்தையை மன்றாடுகிறோம். அந்த உணவு நெல்லால் ஆனதா, கோதுமையால் ஆனதா, கேழ்வரகால் ஆனதா என்று நம் ஆண்டவர் வரையறுத்துச் சொல்லவில்லை. எந்த மண் எதை விளைவிக்கிறதோ, அதுவே அம்மண்ணில் வாழும் ஏழையின் அப்பம். ஐயாயிரம் பேருக்கு அவர் பலுகச் செய்த ஐந்து அப்பங்களும் வாற்கோதுமை அப்பங்கள் என்பதை அருளப்பர் நற்செய்தி தவறாமல் குறித்து வைத்திருக்கிறது. அக்காலத்துப் பாலஸ்தீனத்தில் வாற்கோதுமை எளியவரின் தானியம். ஒரு சிறுவனின் ஏழைச் சோற்று மூட்டையே அன்று பெருந்திரளின் விருந்தாயிற்று.

இந்த எண்ணத்தை நம் உள்ளத்தில் எழுப்பியது, சென்ற தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் தாம்பரத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி.

சிலுவைப்பாதை முடிந்து எங்கள் அன்பியத்தார் ஓர் இல்லத்தில் கூடியிருந்தோம். சுத்தபோசன நாளாகையால் எளிய உணவைச் சேர்ந்து உண்பது என்று ஏற்பாடு. அவ்வில்லத்துப் பெண் ஜார்ஜியா நாட்டின் தலைநகராகிய திபிலீசியில் மருத்துவம் பயில்பவள், விடுமுறைக்கு வந்திருந்தாள். தான் அங்கே உண்டு பழகிய மக்காச்சோள அப்பத்தை அன்று தானே செய்து தருவதாகச் சொல்லி அடுக்களையில் புகுந்தாள். மாவைப் பிசைந்தாள், தட்டினாள், தோசைக்கல்லில் இட்டாள். ஆனால் அப்பங்கள் ஓரமெல்லாம் வெடித்து, திருப்பும்போது இரண்டாகவும் மூன்றாகவும் உடைந்தன. அவள் முகம் வாடிற்று.

அப்போது எண்பது வயதை நெருங்கிய ஒரு மூதாட்டி அடுக்களை வாசலில் வந்து நின்றார். தட்டில் இருந்த மாவைக் கண்டதும் அவர் முகம் மாறிற்று.

"இது அந்தக் காலத்து மஞ்ச மாவு இல்லையா! இதையா எங்களுக்குத் தின்னக் கொடுக்கப் போறே, கண்ணு?"

"ஆமாம் பாட்டி, மக்காச்சோள மாவுதான். உங்களுக்குப் பிடிக்காதா?" என்றாள் அப்பெண்.

பாட்டி விடை கூறவில்லை. கூடத்திற்குத் திரும்பிச் சென்று சுவரோரமாக அமர்ந்துவிட்டார். அவர் மௌனத்திற்குக் காரணம் என்னவென்று பின்னரே அறிந்தோம். அதைச் சொல்லுமுன், இந்த அப்பம் எந்நாட்டது என்பதை வாசகர்கள் அறிந்துகொள்வது நலம்.

வேதசாட்சியின் நாடு

அமெரிக்காவிலும் ஜார்ஜியா என்று ஒரு மாநிலம் உண்டு. நாம் பேசுவது கருங்கடலுக்குக் கிழக்கே, காக்கசஸ் மலைத்தொடரின் தெற்குச் சாரலில் உள்ள சிறிய நாட்டைப் பற்றி. புனித நீனோ என்னும் பெண்மணியின் போதனையால் நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்து மறையைத் தழுவிய நாடு அது. திராட்சைக் கொடியால் செய்த சிலுவையைத் தம் கூந்தலால் கட்டி அவர் ஏந்தி வந்தார் என்பது அந்நாட்டு மரபு. மக்களில் மிகப் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர். கத்தோலிக்கர் மிகச் சிலரே. திருத்தந்தையர் இருவர் அங்குச் சென்றிருக்கின்றனர்: 1999-இல் இரண்டாம் ஜான் பால், 2016-இல் பிரான்சிஸ்.

நம் பாரதத்திற்கும் அந்நாட்டிற்கும் ஒரு புனிதப் பிணைப்பும் உண்டு. ஜார்ஜியாவின் காகேத்தி நாட்டு அரசி கெத்தெவான், பாரசீக மன்னன் முதலாம் ஷா அப்பாஸின் ஆட்சியில், கிறிஸ்துவை மறுதலிக்க மறுத்ததால் 1624-இல் ஷீராஸ் நகரில் கொடிய சித்திரவதைக்குள்ளாகி உயிர்நீத்தார். அங்கிருந்த அகுஸ்தீன் சபைத் துறவிகள் அவருடைய திருப்பண்டங்களில் ஒரு பகுதியைப் பழைய கோவாவிலிருந்த தங்கள் மடத்துக்குக் கொணர்ந்தனர். இடிந்து கிடந்த அக்கோயிலில் அகழாய்வு செய்தபோது கிடைத்த எலும்பை ஐதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையத்தார் ஆராய்ந்து, அது அவ்வரசியுடையதாக இருக்கலாம் என்ற கருத்துக்கு 2013-இல் அறிவியல் சான்று அளித்தனர். 2021-ஆம் ஆண்டு ஜூலையில் அத்திருப்பண்டத்தின் ஒரு பகுதியை இந்திய அரசு ஜார்ஜியாவுக்கு வழங்கிற்று. இன்று நம் பிள்ளைகள் பலர் மருத்துவம் பயில அந்நாட்டுக்குச் செல்லும்போது, நானூறு ஆண்டு முந்திய இந்த உறவை எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

அந்நாட்டின் கிழக்குப் பகுதியார் கோதுமை ரொட்டி உண்பவர். மேற்குப் பகுதியாகிய இமரேத்தி, சமெக்ரெலோ, கூரியா முதலிய இடங்களில் ஈரமும் மழையும் மிகுதி. அங்கே மக்காச்சோளமே அன்றாட உணவு. அம்மாவில் தட்டிச் சுடும் அப்பத்திற்கு 'ம்ச்சாதி' என்று பெயர். இதழ்களை மூடி 'ம்' என்று தொடங்கி உச்சரிக்கவேண்டும். மக்காச்சோளம் மெக்சிக்கோ நாட்டில் பிறந்த பயிர். கொலம்பஸுக்குப் பின்னரே உலகெங்கும் பரவி, ஏறத்தாழப் பதினேழாம் நூற்றாண்டில் ஜார்ஜியாவை அடைந்தது. அதற்கு முன் அம்மக்கள் உண்டது என்ன தெரியுமா? 'கோமி' என்று அவர்கள் அழைத்த தினை! நம் சங்கப் புலவர்கள் பாடிய குறிஞ்சி நிலத்துத் தினையே அது. மக்காச்சோளம் வந்து தினையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 'கோமி' என்ற பெயர் மட்டும் மக்காச்சோளக் களிக்கு உரியதாகி நிலைத்துவிட்டது.

மஞ்சள் மாவின் கதை

இனிப் பாட்டியின் மௌனத்திற்கு வருவோம்.

1965, 1966 ஆகிய ஆண்டுகளில் நாடெங்கும் பருவமழை பொய்த்தது. 1966-இல் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் வெளிநாடுகளிலிருந்து நமக்கு வந்தது. அதில் பெரும்பகுதி, 1954-இல் அமெரிக்கா இயற்றிய 'பி. எல். 480' என்னும் சட்டத்தின்படி வந்ததாகும். அச்சட்டத்தின்கீழ் விலைக்கு வந்த கோதுமை போக, இலவசமாக வந்த பால்பொடி, எண்ணெய், மக்காச்சோள மாவு ஆகியவற்றைத் தொண்டு நிறுவனங்கள் ஏழைகளுக்கு வழங்கின. 1943-இல் அமெரிக்கக் கத்தோலிக்கர் நிறுவிய கத்தோலிக்க நிவாரணச் சேவை 1946 முதல் நம் நாட்டில் பணிபுரிந்து வந்தது. அது பங்குகள், பள்ளிகள், மருத்துவமனைகள் வழியாக இப்பொருள்களைப் பகிர்ந்தளித்தது. பெருந்தலைவர் காமராசர் 1956-இல் தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டத்திற்குக் 'கேர்' நிறுவனம் துணைநின்றது. மஞ்சள் நிற உப்புமாவின் மணத்தை அக்காலத்து மாணவர் எவரும் மறந்திருக்கமாட்டார்.

நம் மூதாட்டி அந்நாளில் செங்கல்பட்டுக்கு அருகே ஒரு சிற்றூரில் இளம்பெண். செங்கல்பட்டு மறைமாவட்டம் 2002-இல்தான் உருவாயிற்று. அப்போது அப்பகுதி சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கோயில் முற்றத்தில் துணிப்பையுடன் வரிசையில் நின்று மாவு வாங்கி வருவது அவர் பொறுப்பு. கப்பலிலும் கிடங்கிலும் நெடுநாள் கிடந்த மாவு சில வேளை கசக்கும், வண்டு விழுந்திருக்கும். சலித்துக் களி கிண்டுவார்கள், ரொட்டி தட்டுவார்கள். உடன் பயின்ற பிள்ளைகள், 'மாவுக்காகக் கோயிலுக்குப் போகிறவர்கள்' என்று ஏளனம் செய்தார்களாம். அவர் பாட்டனார் காலத்திற்கு முன்பே அக்குடும்பம் திருமுழுக்குப் பெற்றது. மாவு வந்ததோ வெகு காலம் கழித்து! ஆனால் ஏளனம் செய்வோர் கணக்குப் பார்ப்பதில்லை. திருமணமாகித் தாம்பரத்துக்கு வந்தபின், இனி நம் வீட்டில் அந்த மாவு நுழையக்கூடாது என்று அவர் உறுதி பூண்டார். அறுபது ஆண்டுகள் நுழையவும் இல்லை.

பசித்த வேளையில் உயிர் காத்த உணவு, பின்னர் வெட்கத்தின் அடையாளமாகிவிடுகிறது. இது அவர் ஒருவருடைய கதையன்று. கேழ்வரகையும் கம்பையும் ஏழையின் உணவென்று ஒதுக்கி, வெள்ளை அரிசிக்கு மாறியதைப் பெருமையாக எண்ணிய குடும்பங்கள் நம்மில் எத்தனை! இன்று தமிழ்நாட்டில் பெரம்பலூர், அரியலூர், சேலம் முதலிய மாவட்டங்களில் மக்காச்சோளம் மிகுதியாக விளைகிறது. ஆயினும் அதில் பெரும்பகுதி கோழித்தீவனமாகவும் மாட்டுத்தீவனமாகவுமே செல்கிறது.

கூடத்தில் இருந்த பாட்டிக்கு, உள்ளே அப்பம் உடையும் ஓசையும் அப்பெண் வருந்தும் குரலும் கேட்டுக்கொண்டேயிருந்தன. சற்று நேரத்தில் அவர் எழுந்தார், அடுக்களைக்குள் சென்றார்.

"பச்சைத் தண்ணி ஊத்தினா இந்த மாவு சொன்ன பேச்சுக் கேக்காது, கண்ணு. கொதிக்கிற தண்ணி ஊத்தி மூடி வை. கை பொறுக்கிற சூட்டுல பிசை. எங்கம்மா அப்படித்தான் செய்வாங்க" என்றார்.

அவர் சொன்னவாறே செய்தபோது அடுத்த அப்பம் உடையவில்லை.

ஏன் வெந்நீர்?

கோதுமை மாவில் நீர் பட்டதும் பசைத்தன்மையுள்ள ஒரு புரதம் உருவாகி மாவை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. மக்காச்சோளத்தில் அப்பசை இல்லை. ஆகவே அது சப்பாத்தி போல் மெல்லியதாகத் தேயாது; ரொட்டி போல் உப்பவும் செய்யாது. வெந்நீர் ஊற்றினால் மாவிலுள்ள மாச்சத்து சிறிது வெந்து கூழாகி, பசையின் வேலையைத் தான் செய்கிறது. ஜார்ஜியாவில் பெரும்பாலும் வெள்ளை மக்காச்சோளத்தை நைசாக அரைக்கிறார்கள். அது வெதுவெதுப்பான நீரிலேயே சேர்ந்துகொள்கிறது. நம்மூரில் கிடைக்கும் மஞ்சள் மாவு சற்றுக் கரகரப்பானது. அதற்குக் கொதிநீர் வேண்டும். திபிலீசியில் கற்ற பாடத்திற்குச் செங்கல்பட்டுப் பாடம் துணை வந்தது.

செய்முறை

முதலில் மாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சூப்பைக் கெட்டியாக்கக் கடையில் விற்கும் வெண்மையான 'கார்ன்ஃப்ளோர்' இதற்கு உதவாது. அது வெறும் மாச்சத்து. முழு மக்காச்சோளத்தை அரைத்த மாவே வேண்டும். பஞ்சாபியர் கடுகுக்கீரையுடன் உண்ணும் ரொட்டிக்குரிய இம்மாவை 'மக்கி ஆட்டா' என்பர். தாம்பரம் விமானப்படை நிலையம் இருப்பதால் வடநாட்டுக் குடும்பங்கள் இப்பகுதியில் பலவுண்டு. அவர்கள் பொருள் வாங்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக் கடைவீதி போன்ற இடங்களில் காய்ந்த மக்காச்சோளம் வாங்கி, மாவு மில்லில் நைசாக அரைத்துக்கொள்வதும் உண்டு. தீவனத்திற்கென்று விற்கும் சோளத்தை வாங்கலாகாது. பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தில் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டாகும். ஆதலால் முக்கல் வாடை வீசுவதை இரக்கமின்றி எறிந்துவிடுங்கள். இம்மாவில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் விரைவில் கசந்துபோகும். சிறிதளவே வாங்கிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொள்க.

தேவையானவை: மக்காச்சோள மாவு 250 கிராம் (ஏறக்குறைய இரண்டு டம்ளர்), உப்பு முக்கால் தேக்கரண்டி, கொதிநீர் ஒன்று முதல் ஒன்றேகால் டம்ளர், கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் நான்கு மேசைக்கரண்டி. எட்டு அப்பங்கள் வரும்.

மாவைச் சலித்து உப்பைக் கலந்துகொள்ளுங்கள். நடுவில் குழி செய்து, கொதிநீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, மரக்கரண்டியால் கிளறுங்கள். மூடி வைத்துப் பத்து நிமிடம் பொறுத்திருங்கள். மாவு நீரைக் குடித்து இளகும். பிறகு கை பொறுக்கும் சூட்டில் உள்ளங்கையால் அழுத்தி ஐந்து நிமிடம் பிசையுங்கள். ஓர் உருண்டையைக் கையில் வைத்து அழுத்திப் பாருங்கள். ஓரம் வெடித்தால் நீர் போதாது. இன்னும் ஒரு கரண்டி வெந்நீர் சேர்க்கவும். கையில் ஒட்டினால் மாவைக் கொட்டவேண்டாம். கையை நீரில் நனைத்துக்கொண்டாலே போதும்.

எலுமிச்சைக்குச் சற்றுப் பெரிய உருண்டையாக எடுத்து, இரு உள்ளங்கைகளுக்கிடையே நீள்வட்டமாகத் தட்டுங்கள். விரற்கடை கனம் இருக்கவேண்டும். ஜார்ஜியப் பெண்கள் அப்பத்தின்மேல் விரல்களை அழுத்தித் தடம் பதிய வைப்பதுண்டு.

இரும்புத் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு, நன்றாகக் காய்ந்ததும் தீயைத் தணித்து, அப்பங்களை நெருக்கமின்றி இட்டு மூடுங்கள். ஏழெட்டு நிமிடம் தொடவேண்டாம். அவசரப்பட்டுத் திருப்பினால்தான் உடையும். அடிப்புறம் பொன்னிறமாகிக் கல்லை விட்டுத் தானே விலகும்போது திருப்பி, மறுபுறத்தை மூடாமல் ஐந்தாறு நிமிடம் சுடுங்கள். வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் கூடியிருப்பதே பக்குவம். ஜார்ஜியக் கிராமங்களில் 'கெத்சி' என்னும் மண்சட்டியில் எண்ணெயின்றியும் சுடுவார்கள். பாலாடைக்கட்டி கலந்து பிசைந்தால் அதற்கு 'ச்விஷ்தாரி' என்று வேறு பெயர்.

இந்த அப்பத்தின் குணம் ஒன்றை மறவாதீர். இது நாளைக்கென்று எடுத்துவைக்கத் தக்கதன்று. ஆறினால் கல்லாகிவிடும். கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு, சுடுபவர் சுட, உண்பவர் உண்ண, குடும்பம் முழுவதும் அடுக்களையைச் சுற்றிக் கூடியிருந்து உண்ணவேண்டும். ஆளுக்கொரு நேரத்தில் உண்டு, ஆளுக்கொரு மூலையில் கைப்பேசியோடு அமரும் நம் இல்லங்களுக்கு இதுவே நல்ல பாடமன்றோ!

உடன் உண்பது

ஜார்ஜியர் இதனுடன் 'லோபியோ' என்னும் சிவப்பு அவரைக் குழம்பை உண்பர். இறைச்சியும் பாலும் விலக்கிய நோன்பு நாள்களில் அவர்களுக்கு இவ்விரண்டும் பெருந்துணை. நாமும் எளிதாகச் செய்யலாம். ராஜ்மாப் பயறு ஒரு டம்ளரை இரவெல்லாம் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் குக்கரில் குழைய வேகவைக்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைக் கெடுக்கும். வெங்காயம், பூண்டு, மிளகாய் வதக்கிச் சேர்த்து, பாதிப் பயறை மசித்து, சிறிது புளிக்கரைசல் விட்டு, கொத்தமல்லித்தழையைத் தாராளமாகத் தூவுங்கள். கொத்தமல்லி அவர்கள் சமையலிலும் நம் சமையலைப் போன்றே நிறைந்திருக்கிறது. அவர்கள் அக்ரூட் பருப்பை அரைத்துச் சேர்ப்பர். நமக்கு வறுத்த வேர்க்கடலை போதும். ராஜ்மா விலை கூடுதலானால் காராமணியே நன்று.

பயறு சேர்ப்பது சுவைக்காக மட்டுமன்று. மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்னும் உயிர்ச்சத்து நம் உடலுக்கு எளிதில் கிட்டாது. சில புரதக் கூறுகளும் அதில் குறைவு. வேறெதுவுமின்றி அதனையே உண்டு வாழ்ந்த இத்தாலிய உழவர்களும், அமெரிக்கத் தென்மாநில ஏழைகளும் 'பெலாக்ரா' என்னும் நோயால் தோல் வெடித்து, மனம் பேதலித்து மாண்டனர். மெக்சிக்கோ மக்களோ தொன்றுதொட்டுச் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அக்குறையை நீக்கிக்கொண்டனர். பயறும் கீரையும் சேர்த்து உண்போருக்கு அந்த அச்சமில்லை. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இவ்வப்பம் தக்கது. நீரிழிவுள்ளோர் இதுவும் மாச்சத்துணவே என்பதை நினைவில் வைத்து அளவோடு உண்ணவேண்டும்.

பகிர்ந்தால் பலுகும்

பீடத்தில் ஒப்புக்கொடுக்கும் அப்பம் கோதுமையால் ஆனதாகவே இருக்கவேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். ஆனால் பீடத்திலிருந்து இல்லம் திரும்பும் நமக்கு, ஏழையின் அப்பத்தை மதிக்கும் கடமையை அந்தத் திருவிருந்தே கற்றுத் தருகிறது.

அன்றிரவு பாட்டி என்ன செய்தார் என்று வாசகர்கள் கேட்பீர்கள். சூடான அப்பம் ஒன்றை எடுத்துப் பிட்டார். பாதியை அருகில் நின்ற ஒரு குழந்தையின் கையில் கொடுத்தார். மற்றப் பாதியை மெல்ல உண்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கம்மா செஞ்சது இதைவிட நல்லாயிருக்கும்" என்றார். அறுபது ஆண்டுகளாக வெட்கத்தோடு புதைத்து வைத்திருந்த தம் அன்னையின் கைப்பக்குவத்தை அன்று அவர் மீண்டும் கண்டெடுத்தார்.

வருகிற தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமையேனும் இவ்வப்பத்தை உங்கள் இல்லத்தில் செய்து பாருங்கள். பிள்ளைகளுக்கு ஜார்ஜியாவின் கதையையும் சொல்லுங்கள். மஞ்சள் மாவின் கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதை உண்ட பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களையே மாவு பிசையச் சொல்லிப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். அன்றைய உணவில் மிச்சமாகும் பணத்தைத் தவக்கால உண்டியலில் இடுங்கள். ஒரு காலத்தில் யாரோ முகமறியாதவர்கள் அனுப்பிய மாவு நம் முன்னோரின் பசியைத் தீர்த்தது. அந்தக் கடனை இன்று பசித்திருக்கும் மற்றொருவருக்குத் திருப்பிச் செலுத்துவோமாக!